உத்தேச வயது

ஏறாவூரில் உதுமாலெப்பையின் பழைய இரும்புக் கடை.
கிலோ தொண்ணூறு ரூபா.
நீலப் பெயின்ட் அடித்த சைக்கிள் பிரேம் ஒன்று,
இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.
"காத்து மாதிரி இரிக்கி. லாபமில்லாத சாமான்" என்றார்.
நூற்றியெழுபத்தொரு ரூபா.
எந்த ஊரிலோ ஒருவன்
அந்தக் குறைந்த கிராமுக்காகவே
கூடக் காசு கொடுத்திருப்பான்.

கச்சேரியில் வயது கணிக்கும் மேசை என்னுடையது.
பிறப்புப் பதிவு அகப்படாதவர்கள் வருவார்கள்.
கொக்கட்டிச்சோலைச் சாமித்தம்பி சொல்வார்:
சூறாவளியில கிணத்துக்குள்ள தென்னை விழக்குள்ள
நான் தவண்டு திரிஞ்சனாம்.
சூறாவளி எழுபத்தெட்டு, கார்த்திகை.
தவழ்ந்த மாதங்களைக் கழித்து
உத்தேசம் என்று எழுதி முத்திரை குத்துவேன்.
பிரேமுக்குப் பேசத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

டச்பாரில் ரால்ஸ்டன் அந்திராதோவின் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.
வலப்பக்கக் கப்பை
ரலிக்கும் லுமாலாவுக்கும் செய்வதுபோல
கடிகாரம் சுற்றும் பக்கம் திருகினான்.
பைப் செருகி, நீட்டி, மேலே ஏறி நின்றான்.
அசையவில்லை.
கோபத்தில் மற்றப் பக்கம் திருப்ப
துரு உதிர்ந்து
மூக்கைச் சிந்துவதுபோல ஒரு சத்தம். வந்துவிட்டது.
"இங்கிலீசுக்காரன் இல்ல."
வேர்னியரை வைத்தோம். கோப்பையின் அகலம் எழுபது மில்லிமீட்டர்.
இத்தாலி.
"எங்கட ஆக்களப் போல,
எந்தக் கப்பல்ல வந்ததெண்டு கேக்கப்படாது" என்று
தன் பரம்பரையையும் சேர்த்துச் சிரித்தான்.

மறுகா நான் ஒரு கொப்பி போட்டேன்.
பின்சில்லு இருக்கும் இடைவெளி நூற்றிருபத்தாறு:
எழுபதுகளின் நடுவுக்கு முன்னால் போகாது.
கியர்க் கம்பி கோப்பைக்கு மேலால் ஓடியிருக்கிறது,
பிறகு வந்தவை அடியால் ஓடும்.
பிரேக் ஆணிக்கு வெளியே நட்டு. பின்கவ்வு நீளம்.
தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரேயொரு சோடி ஓட்டை.
செய்தவன் பெயர் எங்கும் இல்லை.
இருக்கைக்குக் கீழே, நகம் அளவு இடத்தில்,
வெட்டிய எழுத்தொன்றுக்குள் சேறு அடைந்திருந்தது.
ஊசியால் கிண்டினேன். எழுத்தல்ல, பூ.

எழுபத்தாறுக்கும் எழுபத்தொன்பதுக்கும் இடையில்.
சாமித்தம்பியின் வயது.

எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை வைத்திருந்தேன்:
சுனாமிக்குப் பிறகு கல்லடியில் கூடாரம் அடித்த
வெள்ளைக்காரத் தொண்டர் யாரோ
விட்டுப் போனது.
கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள்.
நானும்.

நகப்பூச்சு அழிக்கும் தண்ணியில் பஞ்சை நனைத்து
கோப்பையின் அடியைத் துடைத்தேன், ஞாயிறு பின்னேரம்.
நீலத்துக்குக் கீழே பச்சை.
பச்சைக்குக் கீழே பொங்கிப் பொரிந்த ஒரு சிவப்பு.
தொழிற்சாலை அடித்த இலக்கம் நாலு, ஒழுங்காக.
அதன் பக்கத்தில்
ஆணியைச் சுத்தியலால் தட்டித் தட்டி
புள்ளி புள்ளியாக யாரோ குத்திய
சி. வ. 90.

சி தமிழ். வ தமிழ்.
தொண்ணூறு வீட்டு இலக்கமாக இருக்கலாம்.
உதுமாலெப்பையின் கிலோ விலையும் அதுதான்.
சுனாமிக் கதையைக் கொப்பியில் வெட்டினேன்.

என் அலுமாரியின் கீழ்த்தட்டில்
வேறொரு சான்றிதழுக்கான கோப்புகள் இருக்கின்றன.
அவற்றில் பல ஒரே வசனத்தில் முடியும்:
துவிச்சக்கர வண்டியில் சென்றவர்
வீடு திரும்பவில்லை.
வண்டியின் நிறம் எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
திங்கட்கிழமை தட்டைத் திறந்து
சி-யில் தொடங்கி
மூன்று கோப்புப் பார்த்தேன்.
நாலாவதை எடுக்க முன்
ஆட்கள் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

ரால்ஸ்டன் போன் எடுத்தான்.
சில்லு கொழும்பில் இருக்காம், இந்த அளவில்.
பெயின்ட் என்ன கலர்?

எந்தக் கலரென்றாலும் அடி, என்றேன்.
அடிப்பக்கம் மட்டும்
ஒரு உள்ளங்கை அளவு
விட்டுவிடு.